நூல் மறக்கவில்லை

சிரிக்கக் கூடாது. இருமக் கூடாது. தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு இறுக்கி அணைத்துக்கொண்டுதான் தும்ம வேண்டும்.

ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த பஸ் கண்டக்டருக்கு ஹெட் சிஸ்டர் போட்டிருந்த சட்டம் அது. இருமலும் தும்மலும் மனுஷன் கையில் இல்லை, சிரிப்பாவது இருக்கிறதே என்று சிஸ்டர் நம்பினார். கண்டக்டரின் மைத்துனனை அவருக்குத் தெரியாது.

மைத்துனன் லாரி டிரைவர். பார்வையாளர் நேரம் ஆரம்பித்ததுமே ஒரு பை ஆரஞ்சோடு வந்துவிட்டான். அவனுடைய அக்கா, அதாவது கண்டக்டரின் மனைவி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். குடலில் ஓட்டை விழுந்து, துடித்துக்கொண்டு வந்து சேர்ந்த புருஷன். வயிற்றை ஒரு சாண் நீளத்துக்குத் திறந்து, ஓட்டையை அடைத்து, திரும்ப மூடி, இப்போதுதான் இரண்டு நாளாகக் கஞ்சி இறங்குகிறது. அவள் முகத்திலும் இப்போதுதான் கொஞ்சம் தெளிவு.

"என்ன மாமா, இளைச்சு ஹீரோ மாதிரி ஆயிட்ட?"

"வாடா மாப்ள. வயித்தக் கிழிச்சாதான் இளைக்கும்னு எனக்கு முன்னாடியே யாரும் சொல்லல."

"டேய், அவர சிரிக்க வெச்சுடாத. சிஸ்டர் கொன்னுடுவாங்க" என்றாள் அக்கா.

"நான் எங்க சிரிக்க வைக்கிறேன், அக்கா? நியூஸ் சொல்ல வந்தேன். மாமா, உன் ரூட்டுல புதுசா ஒருத்தன போட்டிருக்காங்க. ரொம்ப மரியாதக்காரன். 'ஐயா, தயவுசெஞ்சு கொஞ்சம் உள்ள போறீங்களா'ன்னு கேக்குறான்."

"சரி, ஜனங்க போறாங்களா?"

"எங்க போறாங்க? அப்படியே இறங்கிடுறாங்க. இந்த பஸ்ஸுல மரியாதையா பேசுறாங்கன்னா பிரேக் புட்டுக்கிச்சு போலன்னு பயம்!"

கண்டக்டர் உதட்டைக் கடித்தார். கண்ணை மூடினார். தலையணையைத் தேடினார். கைக்கு அகப்படவில்லை. மூக்கு வழியாக ஆரம்பித்த சிரிப்பு தோளுக்கு வந்து, தோளிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது.

அப்படியே நின்றது.

"ஏதோ விட்டுடுச்சுடி" என்றார் மனைவியைப் பார்த்து. சிரிப்பு முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது. குரலில் இல்லை.

வயிற்றைச் சுற்றியிருந்த வெள்ளைக் கட்டுத்துணியில் ஓர் ஈரம் படர்ந்தது. ரத்தம் இல்லை. ரத்தக் கறையை அலசிய தண்ணீர் மாதிரி, வெளிறிய ரோஸ்.

வார்டின் மறுகோடியில் யாருக்கோ டிரிப் மாற்றிக்கொண்டிருந்த ஹெட் சிஸ்டர் திரும்பினார். பார்த்தார். சர்ஜரி வார்டில் பழுத்தவர்களை ரத்தச் சிவப்பு பயமுறுத்தாது. இந்த ரோஸ் பயமுறுத்தும். மேலே தோல் சமத்தாக மூடியிருக்க, உள்ளே பாரம் தாங்கும் தையல் திறந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

"திரைய இழுங்க. அவரு முட்டிய மடக்கி வைங்க. யாரும் எதையும் அமுக்கக் கூடாது" என்றபடியே வந்த சிஸ்டர், போனை எடுத்தார்.

டாக்டர் அந்த நேரத்தில் தன் அறையில் வேறொரு போனில் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய சர்ஜன் அவர். வாய் போனில் பேச, கை மேஜை இழுப்பறையின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கைப்பிடிக்குத் தாடி முளைத்திருந்தது. கறுப்புப் பட்டுநூல் தாடி. சர்ஜரி படிக்கிற எல்லோருமே நாற்காலிக் கால், கோட்டு பட்டன் என்று அகப்பட்டதில் எல்லாம் முடிச்சுப் போட்டுத்தான் பழகுவார்கள். பாஸானதும் விட்டுவிடுவார்கள். டாக்டர் விடவில்லை. "நீ போன் பேசும்போது நான் பக்கத்துல உக்கார மாட்டேன். எழுந்திரிச்சா நாற்காலியும் கூடவே வரும்" என்பார் அவருடைய கணவர்.

சிஸ்டரின் அழைப்பில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"ரோஸ்."

டாக்டர் ஓடினார்.

திரைக்குள்ளே கட்டைப் பிரித்துப் பார்த்தபோது சந்தேகத்துக்கே இடமில்லை. தோலின் தையல்களுக்கு இடையே, வரக் கூடாத இடத்தில், பளபளவென்று குடல் எட்டிப்பார்த்தது. சலைனில் நனைத்த துணியை அதன்மேல் போர்த்தினார் டாக்டர். கண்டக்டரின் நெற்றியில் கை வைத்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. திரும்ப மூடிடலாம்."

"டாக்டரம்மா, நான் சிரிச்சிருக்கக் கூடாது இல்ல?"

"இப்ப பேசாதீங்க."

திரைக்கு வெளியே மனைவி நின்றிருந்தாள். பின்னால் சுவரோடு சுவராக லாரி டிரைவர். கையில் இன்னும் அந்த ஆரஞ்சுப் பை.

"இவன் சிரிக்க வெச்சான் டாக்டர். சொல்லச் சொல்லக் கேக்காம சிரிக்க வெச்சான். அதனாலதானே?"

டாக்டருக்கு நிற்க நேரமில்லை. நடந்துகொண்டே சொன்னார். "சிரிச்சாலும் ஆகலாம்மா. மொதல்ல நான் பாக்கணும்."

ஸ்ட்ரெச்சர் உருண்டது. பின்னால் பளார் என்று ஒரு சத்தம் கேட்டது. டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், ஆரஞ்சுகள் தரையில் உருள்வதையும், கன்னத்தைத் தொடாமல் அந்த ஆறடி மனிதன் அப்படியே நிற்பதையும் பார்த்திருப்பார்.

"என் புருஷனுக்கு ஏதாவது ஆச்சு, இந்த ஜென்மத்துல உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். போடா வெளிய."

*

ஏன் திறந்தது?

கை கழுவும்போது டாக்டரின் மண்டைக்குள் அந்த ஒரு கேள்விதான். காரணம் தெரியாமல் திரும்ப மூடினால், திரும்பத் திறக்கும். இரண்டாவது முறை திறந்தால் கண்டக்டரின் உடம்பு தாங்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சந்தேகப்பட வேண்டிய ஆசாமிகள் மூன்று பேர்தான். ஒன்று, நூல் அறுந்திருக்க வேண்டும். அப்படியென்றால் குற்றவாளி நூல். இரண்டு, நூல் முழுசாக இருந்து, சதையை வெட்டிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் இருமலோ, சிரிப்போ, பலவீனமான சதையோ. மூன்றாவது ஆசாமி முடிச்சு.

மூன்றாவது ஆளை டாக்டர் சீக்கிரமே பட்டியலில் கடைசிக்குத் தள்ளினார். தாமே போட்ட முடிச்சு.

மயக்க டாக்டர் தலைமாட்டில் மானிட்டரைப் பார்த்தபடி, "ஆள் தூங்கிட்டார். பிரஷர் கொஞ்சம் கீழதான் இருக்கு. ரொம்ப நேரம் எடுக்காதீங்க" என்றார். வழக்கமாக வாய் ஓயாத மனிதர். மிமிக்ரியில் கெட்டிக்காரர். இன்று அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

சின்ன ஆஸ்பத்திரி. வார்டு, தியேட்டர் இரண்டுமே ஹெட் சிஸ்டர் பொறுப்புதான். கவுன் மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார். கத்தரியை நீட்டினார்.

தோல் தையலைப் பிரிப்பது ஒரு நிமிட வேலை. அது வெறும் ஒப்பனை. சொந்தக்காரர்கள் 'நல்லா தெச்சிருக்காங்க' என்று பாராட்டுவது அதைத்தான். வயிற்றின் மொத்த பாரத்தையும் தாங்குவது அதற்குக் கீழே, தசையைப் போர்த்திக்கொண்டிருக்கும் கெட்டியான வெள்ளைச் சவ்வு. மேல் முனையிலிருந்து ஒரு நூல், கீழ் முனையிலிருந்து ஒரு நூல். இரண்டும் சுருள் சுருளாகச் சவ்வைத் தைத்துக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கும். அங்கே ஒரு முடிச்சு. அந்த ஒரு முடிச்சில்தான் எல்லாம்.

டாக்டர் விளக்கைத் தாழ்த்தினார்.

நூல் அறுந்திருக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை இடுக்கியால் நீவிப் பார்த்தார். எங்கும் நைந்திருக்கவில்லை.

சவ்வு கிழிந்திருக்கவில்லை. ஊசி போன ஒவ்வொரு துளையும் போட்டது போட்டபடி வட்டமாக இருந்தது.

இரண்டு ஆசாமிகள் விடுதலை.

நடுவே, நூலின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு தனித்தனியாகக் கிடந்தன. டாக்டர் ஒரு முனையை இடுக்கியால் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

காயத்தை மூட மனிதன் எதைத்தான் விட்டுவைத்தான்? எறும்பைக் கடிக்க விட்டு, உடம்பைக் கிள்ளி எறிந்து, தலையையே தையலாக விட்டுவைத்த கதை உண்டு. குதிரைமுடியில் தைத்தான். வெள்ளிக் கம்பியில் தைத்தான். ஆட்டுக்குடலை முறுக்கி நூலாக்கி, பூனைக்குச் சம்பந்தமே இல்லாமல் அதற்குப் பூனைப் பெயரை வைத்தான். டாக்டர் தொழில் கற்ற ஆஸ்பத்திரியில் 'கேட்-கட்', அதாவது பூனைக்குடல், என்ற அந்த நூலும் பட்டும்தான். காதுள்ள ஊசியில் சிஸ்டர்கள் நூலைக் கோத்துக் கோத்துக் கொடுத்த காலம். பட்டு சமர்த்துப் பிள்ளை. பல இழை பின்னியது என்பதால் சொரசொரப்பு. மூன்று சுற்றுப் போட்டால் போட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதே பின்னலுக்குள் கிருமியும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் வந்தது புது நூல். ஊசியோடு ஒட்டியே வரும். ஒற்றை இழை, மழமழ. கிருமி ஒளிய இடமே இல்லை. காயம் தேறும்வரை தாங்கிவிட்டு, தானாகக் கரைந்து போய்விடும். எல்லாம் நல்ல குணம். ஒரே ஒரு கெட்ட குணம், வழுக்கும். மூன்று சுற்று அதற்குப் போதாது. ஆறு சுற்றாவது வேண்டும்.

இன்னொரு குணமும் உண்டு. மடித்த இடத்தை அது மறக்காது. முடிச்சு அவிழ்ந்தாலும், ஒவ்வொரு சுற்றும் இருந்த இடத்தில் ஒரு நெளிவு தங்கிவிடும்.

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த முனையில் நெளிவுகள் இருந்தன.

மூன்று.

ஹெட் சிஸ்டரும் அந்த முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகமூடிக்கு மேலே அவருடைய கண்கள் மெல்ல டாக்டரிடம் வந்தன.

"மேடம், அன்னிக்கு நான் எண்ணல."

அதுதான் அந்தத் தியேட்டரின் வழக்கம். டாக்டரே கொண்டுவந்த வழக்கம். மழமழ நூலில் முடிச்சு என்றால் ஹெட் சிஸ்டர் வாய்விட்டு எண்ண வேண்டும். ஆறு என்று சொல்லும்வரை டாக்டரின் கை நிற்காது. 'எனக்குத் தெரியும் சிஸ்டர். என் விரலுக்குத் தெரியாது. அது பட்டுல வளர்ந்தது' என்பார்.

அன்று ஏன் எண்ணவில்லை?

மூன்று பேருக்குமே ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

அன்று கண்டக்டரை மேஜையில் படுக்க வைத்தபோது, வலியிலும் மனுஷன் தொழிலை விடவில்லை. மயக்கம் ஏற ஏற, "உள்ள போங்க... உள்ள எடமிருக்கு..." என்று முனகிக்கொண்டேதான் தூங்கிப்போனார். எல்லாம் முடிந்து மூடும் நேரம். வீங்கிப்போன குடல் உள்ளே போக மறுத்தது. ஒரு பக்கம் தள்ளினால் இன்னொரு பக்கம் எட்டிப்பார்த்தது. அப்போதுதான் தலைமாட்டிலிருந்து மயக்க டாக்டர், அச்சு அசல் கண்டக்டர் குரலில் ஆரம்பித்தார்.

"உள்ள போ, உள்ள போ! உள்ள எவ்வளவு எடமிருக்கு! படியில தொங்காத! எல்லாரும் உள்ள போனாதான் வண்டி எடுப்பேன்!"

சிஸ்டர் சிரித்தார். டாக்டர் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். குடல் ஒருவழியாக உள்ளே போனது. சிரித்துக்கொண்டே தைத்து, சிரித்துக்கொண்டே நடுவில் முடிச்சுப் போட்டார். எண்ண வேண்டிய வாய் சிரித்துக்கொண்டிருந்தது. விரல் தனக்குத் தெரிந்த கணக்கில் நின்றுவிட்டது.

"என் வாய வெச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கணும்" என்றார் மயக்க டாக்டர், மானிட்டரைப் பார்த்தபடியே.

"வாய் உங்களோடது. முடிச்சு என்னோடது" என்றார் டாக்டர். "புது நூல் குடுங்க சிஸ்டர். இந்தத் தடவ கிட்டக் கிட்டத் தைக்கிறேன்."

குடலைக் கழுவினார். அன்று ஓட்டையை அடைத்த இடத்தைப் பார்த்தார். அது கெட்டியாக இருந்தது. சவ்வின் ஓரங்களைச் சீராக்கி, சின்னச் சின்னத் தையலாக வைத்து ஊசியை ஓட்டினார். நடுவில் இரண்டு நூல்களும் சந்தித்தபோது டாக்டரின் கை ஒரு கணம் நின்றது.

"எண்ணுங்க."

"ஒண்ணு" என்றார் சிஸ்டர். "ரெண்டு. மூணு."

விரல்கள் நிற்கப் பார்த்தன. டாக்டருக்கே அது தெரிந்தது. பழகிய மாடு தெரிந்த வாசலில் நிற்பது மாதிரி.

"நாலு" என்றார் சிஸ்டர் கொஞ்சம் சத்தமாக. "அஞ்சு. ஆறு."

"இன்னும் ஒண்ணு போடுறேன்."

"போடுங்க மேடம். ஏழு."

*

கண்டக்டர் பிழைத்தார். பிரஷர் ஏறியது. கண் விழித்து, "டிக்கெட்" என்று ஏதோ முனகினார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் தேவையில்லை.

டாக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். சிஸ்டர் குறுக்கே வந்தார்.

"மேடம், வெளிய என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்தத."

"எதுக்கு? அவங்களே ஒரு காரணத்த வெச்சிருக்காங்க. அவரு பொழச்சிட்டாரு. நாலு நாள்ல அக்கா தம்பி ராசியாயிடுவாங்க. நீங்க போய்ச் சொன்னா உங்க கையில இனி யாரு வயித்தக் குடுப்பா? எண்ணாதது நானுந்தான். உங்களுக்காக மட்டும் சொல்லல, எனக்காகவும் சொல்றேன்."

சிஸ்டரின் கண் கலங்கியிருந்தது. டாக்டர் அவருடைய தோளைத் தொட்டார்.

"அந்தாளு கன்னத்துல விழுந்த அறை எனக்கு வர வேண்டியது சிஸ்டர். 'சிரிச்சாலும் ஆகலாம்'னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். எடுத்துக் குடுத்தது நான்."

வராந்தாவில் மனைவி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். லாரி டிரைவர் தள்ளி, மாடிப்படியின் கீழ்ப் படியில். அவ்வளவு பெரிய உடம்பை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக்கொண்டு. வெளியே போகச் சொன்ன அக்கா, அவன் அதற்கு மேல் போகவில்லை என்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"நல்லா இருக்காரும்மா. மூடியாச்சு."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடியும்வரை டாக்டர் நின்றார். பிறகு படிக்கட்டைப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றார்.

"வேணாம் டாக்டர். நான் இங்கயே இருக்கேன்."

"உங்களப் பத்தின விஷயம். வாங்க."

வந்தான். அக்காவுக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்காமல், டாக்டரின் முதுகுப் பக்கமாக நின்றான்.

"தையல் விட்டதுக்குக் காரணம் இவரு இல்ல" என்றார் டாக்டர். "நூல் அறல. சதை கிழியல. நான் போட்ட முடிச்சு அவுந்துடுச்சு. அந்த நூலுக்கு ஆறு சுத்து போடணும். மூணு போட்டுட்டேன். இவரு வராம இருந்திருந்தாலும், உங்க வீட்டுக்காரரு பொரண்டு படுத்திருந்தாலே விட்டிருக்கும். தப்பு என்னோடது."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரையே பார்த்தாள்.

"தெரியாதா உங்களுக்கு? ஆறு போடணும்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எப்படி?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவசரம், அலுப்பு, அடுத்த கேஸ். எது சொன்னாலும் நம்பியிருப்பார்கள்.

"சிரிச்சிட்டிருந்தேன்மா. உங்க வீட்டுக்காரரு மயக்கம் வர்றப்போ பஸ்ஸுல கத்துற மாதிரியே ஏதோ சொன்னாரு. மூடுறப்போ குடல் உள்ள போகல. அவரு மாதிரியே ஒருத்தர் பேசிக் காட்டுனாரு. எல்லாரும் சிரிச்சோம். அதுல எண்ண விட்டுப்போச்சு."

"அவரு உசுரு உங்க கையில இருந்துச்சு" என்றாள் அவள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று டாக்டருக்குத் தோன்றியது. "நான் இதே பெஞ்சுல உக்காந்து சாமி பேரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். நீங்க உள்ள சிரிச்சிட்டிருந்தீங்க."

"ஆமா."

"இனிமே அவர நீங்க தொடக் கூடாதுன்னு சொன்னா?"

"வேற டாக்டர ஏற்பாடு பண்றேன். உங்க இஷ்டம்."

லாரி டிரைவர் தொண்டையைச் செருமினான். "அக்கா, நான் ஒண்ணு கேக்கவா? டாக்டர், மாமா என்னன்னு கத்துனாரு?"

"டேய்!"

"'உள்ள போங்க, உள்ள எடமிருக்கு'ன்னு" என்றார் டாக்டர்.

அவன் உதட்டைக் கடித்தான். தலையைக் குனிந்தான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று சொல்ல முடியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. "குடலப் பாத்து, அக்கா. குடலப் பாத்து உள்ள போன்னு சொல்லியிருக்காங்க."

அக்கா எழுந்தாள். தம்பியின் எதிரே போய் நின்றாள். அறைந்த கன்னத்தில் விரல் தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது. அதைப் பார்த்தாள். முந்தானையின் நுனியால், துடைத்தால் போய்விடும் என்பது போல அழுத்தித் துடைத்தாள்.

"ஏண்டா எருமை, நான் அடிச்சா திருப்பி ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"நான்தானே சிரிக்க வெச்சேன்னு நெனச்சேன்."

"சாப்டியா?"

"இல்ல."

"ஆரஞ்சு எங்க?"

"கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு."

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். கோபம் போயிருக்கவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்றும் வந்து உட்கார்ந்திருந்தது. "நீங்களே பாருங்க. நாளைக்கும் நீங்களே வாங்க. வரலன்னாதான் சண்ட போடுவேன்" என்றாள்.

*

கட்டு உலர்ந்தே இருந்தது. மறுநாளும். அதற்கடுத்த நாளும். டாக்டர் காலையும் மாலையும் வந்து பார்த்தார். ரோஸ் இல்லை. கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தார், நடந்தார், பக்கத்துக் கட்டில்காரரிடம், "கொஞ்சம் தள்ளிப் படுங்க சார், பாதைய மறைக்காதீங்க" என்றார்.

ஒரு மாறுதல்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. மைத்துனன் வருவான், கால்மாட்டில் நிற்பான், ஒரு வார்த்தை பேச மாட்டான்.

"டாக்டரம்மா, இவன் வாயையும் சேத்துத் தெச்சிட்டீங்களா? ரேடியோ மாதிரி இருந்தவன். இப்ப பாருங்க, ஃபியூஸ் போன பல்பு."

"சும்மா இரு மாமா. நல்லாகி வா, அப்புறம் பேசிக்கலாம்."

டாக்டர் கட்டிலருகே வந்தார். கட்டைப் பார்த்தார். பிறகு தலையணையை எடுத்துக் கண்டக்டரின் கையில் கொடுத்தார். தன் உள்ளங்கையை விரித்து, அவருடைய வயிற்றுக் கட்டின் நடுவில், சரியாக அந்த முடிச்சு இருக்கும் இடத்தில் மெத்தென்று வைத்தார்.

"சொல்லுங்க" என்றார் லாரி டிரைவரிடம்.

"என்ன சொல்ல?"

"புது கண்டக்டர் கதை. மிச்சம் இருக்குமில்ல?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் ஹெட் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் டிரிப் பாட்டிலைப் பார்ப்பதாக நடித்தார்.

"மெதுவா சொல்லுடா" என்றாள் அக்கா.

"அது ஒண்ணுமில்ல மாமா. நேத்து அந்த மரியாதக்காரன் பஸ்ஸுல ஒரு பெரியவரு ஏறுனாரு. இவன் 'ஐயா, உக்காருங்க, எங்க போகணும்'னு கேட்டான். அவரு இவன ஏற எறங்கப் பாத்துட்டு, 'தம்பி, நீ மொதல்ல உக்காரு. உடம்பு சரியில்லயா? கண்டக்டர் வந்ததும் டிக்கெட் வாங்கிக்கிறேன்' அப்படின்னாரு."

மூக்கு வழியாகத்தான் ஆரம்பித்தது. தோளுக்கு வந்தது. கண்டக்டர் தலையணையை அணைத்துக்கொண்டார். சிரிப்பு வயிற்றுக்கு இறங்கி, டாக்டரின் உள்ளங்கைக்குக் கீழே குலுங்கிக் குலுங்கி முட்டியது. டாக்டர் கையை எடுக்கவில்லை. மூச்சுவிடவும் இல்லை.

சிரிப்பு ஓய்ந்தது. டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

காய்ந்திருந்தது.